படம் முடிந்த பிறகு தொடங்கும் வேலை: ஆனந்த் பட்வர்தனைப் பற்றி ஒரு விவாத இழை

ஒரு வாசகரின் கேள்வி, ஜூலை 4

ஆனந்த் பட்வர்தன் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக ஆவணப்படம் எடுக்கிறார். அயோத்தியைப் பற்றிய ‘ராம் கே நாம்’ வெளிவந்த அதே ஆண்டு டிசம்பரில் அங்கே பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அணுகுண்டை எதிர்த்துப் படம் எடுத்தார். குண்டு அப்படியே இருக்கிறது. குடிசைவாசிகளைப் பற்றி எடுத்தார். குடிசைகள் இன்றும் இடிபடுகின்றன. இந்தப் படங்களைத் தேடிப் பார்ப்பவர்கள் ஏற்கெனவே அவரோடு உடன்படுகிறவர்கள்தான். அப்படியென்றால் இந்த வாழ்நாள் உழைப்பால் மாறியது என்ன? மதிப்போடுதான் கேட்கிறேன்.

ஜூலை 4, இரவு

முதலில் மசூதி. 1992 டிசம்பர் 6 அன்று நடந்ததைத் தடுக்கும் பொறுப்பு மாநில அரசுக்கு இருந்தது. கட்டடத்தைக் காப்போம் என்று உச்ச நீதிமன்றத்தில் அது உறுதியும் அளித்திருந்தது. மத்தியிலும் ஓர் அரசு இருந்தது. இத்தனை பேரையும் விட்டுவிட்டு, கேமராவைத் தோளில் சுமந்தவரிடம் போய் நீ ஏன் தடுக்கவில்லை என்று கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தப் படம் போய்ச் சேரவேண்டிய நேரத்தில் மக்களிடம் போய்ச் சேராமல் செய்தது யார் என்பதையும் கேட்கவேண்டும். அன்று நாட்டின் பெரும்பாலான வீடுகளுக்குத் தொலைக்காட்சி என்றால் தூர்தர்ஷன்தான். படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் இருந்தது. சிறந்த புலனாய்வு ஆவணப்படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது. விருது கொடுத்த அரசின் தொலைக்காட்சியே அதை ஒளிபரப்ப மறுத்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் காட்டினார்கள். அதற்குள் மசூதி போய்விட்டது, பம்பாய் கலவரம் நடந்து முடிந்துவிட்டது, 1993 குண்டுவெடிப்புகளும் முடிந்துவிட்டன. ஒரு படத்தைப் பூட்டி வைத்துவிட்டு, அது எதையும் மாற்றவில்லையே என்று கேட்பது என்ன நியாயம்?

ஜூலை 5, காலை

நேற்று எழுதியதை விரித்துச் சொல்லவேண்டும். பட்வர்தன் வாழ்க்கையில் பாதி இதிலேயே கழிந்திருக்கிறது.

அவருடைய வழி ஏறக்குறைய ஒன்றுதான். படத்தை முடிப்பார். தணிக்கை வாரியத்துக்கு அனுப்புவார். வெட்டச் சொன்னால் மறுப்பார், மேல்முறையீடு செய்வார், ஒரு வெட்டும் இல்லாமல் சான்றிதழ் வாங்குவார். தேசிய விருது கிடைத்தால் அதையும் கையில் வைத்துக்கொண்டு தூர்தர்ஷனுக்கு விண்ணப்பிப்பார். அவர்கள் மறுப்பார்கள். நீதிமன்றத்துக்குப் போவார். தொலைக்காட்சி மக்களின் பணத்தில் நடக்கிறது, தகுதியான படத்தைக் காட்ட மறுத்தால் அதற்குத் தகுந்த காரணம் சொல்லவேண்டும் என்பதுதான் சுருக்கமாக அவருடைய வாதம்.

பம்பாய்க் குடிசைவாசிகளைப் பற்றி 1985இல் வந்த ‘ஹமாரா ஷஹர்’ நான்கு ஆண்டு வழக்குக்குப் பிறகே ஒளிபரப்பானது. 1995இல் வந்த ‘பிதா, புத்ர் அவுர் தர்மயுத்’ இரண்டு பாகம் கொண்டது. முதல் பாகத்துக்கு ‘யு’ சான்றிதழ், இரண்டாம் பாகத்துக்கு ‘ஏ’. அந்த ‘ஏ’வைப் பிடித்துக்கொண்டு தூர்தர்ஷன் பத்து ஆண்டுகள் இழுத்தது. 2006 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: படத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காட்சியைப் பிய்த்தெடுத்துப் பார்க்கக் கூடாது, முழுமையாகப் பார்க்கவேண்டும், சாதாரண அறிவுள்ள மனிதரின் கண்ணால் பார்க்கவேண்டும், ஒளிபரப்ப வேண்டும்.

பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பின் எடுத்த ‘ஜங் அவுர் அமன்’ படத்துக்கு 2002இல் தணிக்கைக் குழு 21 வெட்டுகள் கேட்டது. அதில் ஒன்று இன்றைக்கும் என்னைக் கொதிக்க வைக்கிறது. பிரதமர் உட்பட எந்த அரசியல் தலைவரின் உருவமும் பேச்சும் படத்தில் இருக்கக் கூடாதாம். பொதுமேடையில் ஒலிபெருக்கி வைத்துப் பேசியது, நாடே கேட்டது, மறுநாள் செய்தித்தாளில் வந்தது. ஆவணப்படத்தில் மட்டும் வரக் கூடாது! 2003இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு வெட்டும் வேண்டாம் என்றது.

இந்தத் தீர்ப்புகள் அவரோடு முடிந்துபோகவில்லை. பின்னால் வருகிறவர்கள் வழக்கு மன்றத்தில் எடுத்துக்காட்டும் தீர்ப்புகளாக அவை நிற்கின்றன. மாறியது என்ன என்ற கேள்விக்கு என் முதல் பதில் இது.

ஜூலை 5, மாலை

‘ராம் கே நாம்’ பற்றிப் பேசும்போது பூசாரி லால்தாஸைச் சொல்லாமல் போகக் கூடாது. அயோத்தியில் அந்த இடத்துக்கு நீதிமன்றம் நியமித்திருந்த பூசாரி அவர். கோயில் கட்டுவதைவிட அதிகாரத்தைப் பிடிப்பதே கோயில் இயக்கம் நடத்துகிறவர்களின் நோக்கம் என்று கேமராவைப் பார்த்து அமைதியாகச் சொல்கிறார். குரலை உயர்த்துவதில்லை, யாரையும் ஏசுவதில்லை. பின்னர் அந்தப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். 1993 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பக்திமானான ஓர் இந்துப் பூசாரி, அந்த இடத்திலேயே பூசை செய்தவர், என்ன நினைத்தார் என்பதற்கு இன்று நம்மிடம் இருக்கும் மிக வலுவான சாட்சி அந்தப் படம்தான். 1949 டிசம்பரில் சிலைகளை மசூதிக்குள்ளே கொண்டுபோய் வைத்ததில் தனக்கும் பங்குண்டு என்று ஒரு மகந்த், அதாவது மடத்துச் சாமியார், பெருமையோடு சொல்லும் காட்சியும் அதில் இருக்கிறது. இதை எடுத்து வைத்தவருக்குத் தோல்வி என்று பெயர் வைக்க என் மனம் ஒப்பவில்லை.

ஜூலை 7

கேள்வி கேட்டவர் மறுபடியும் எழுதியிருக்கிறார்: ‘நீதிமன்றம், சான்றிதழ் எல்லாம் படம் எடுத்தவருக்குக் கிடைத்த வெற்றிகள். படத்தில் இருக்கும் மனிதர்களுக்கு என்ன கிடைத்தது?’

இதைப் பட்வர்தன் படத்திலேயே ஒரு பெண் கேட்டுவிட்டார். ‘ஹமாரா ஷஹர்’ பார்த்தவர்களுக்குத் தெரியும். குடிசைகள் இடிக்கப்படும் இடத்தில் அந்தப் பெண் கேமராவை நோக்கித் திரும்பிச் சீறுகிறார். ஏழைகளைப் படம் பிடித்துப் பெயர் வாங்கத்தானே வந்தாய், உன்னால் எங்களுக்கு என்ன செய்ய முடியும், போ என்கிறார். சாதாரணமாக இப்படிப்பட்ட காட்சி படத்தொகுப்பு அறையோடு போய்விடும். அவர் அதை வெட்டவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாரும் அந்த வசவை வாங்கிக்கொண்டுதான் மேலே போகவேண்டும்.

நான் முதல்முறை அதைப் பார்த்தபோது ஒரு சங்கக் கட்டடத்தின் மாடியில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் காட்சிக்குப் பிறகு அறையில் நாற்காலி நகர்த்தும் சத்தம்கூட இல்லை. எனக்குள் எழுந்தது வெட்கம். சிறிது நேரம் முன்புவரை, இடிக்கப்பட்ட குடிசைகளைப் பார்த்து நல்லவர்களைப்போல வருந்திக்கொண்டிருந்தோம். அந்த வருத்தத்தை அந்தப் பெண் ஒரே வீச்சில் பறித்துவிட்டார்.

அவருக்குப் பட்வர்தன் சொன்ன பதில் படத்துக்கு வெளியே இருக்கிறது. 1986இல் வீடிழந்த குடிசைவாசிகளுக்கு மாற்று இடம் கேட்டு உண்ணாவிரதம் நடந்தது. நடிகை ஷபானா ஆஸ்மி உட்கார்ந்தார், பட்வர்தனும் உட்கார்ந்தார். மாற்று இடம் கிடைத்தது. அதே ஆண்டு அதே படத்துக்குத் தேசிய விருதும் கிடைத்தது. இரண்டில் எது பெரியது என்று அந்த மக்களிடம் கேட்டால் யோசிக்காமல் சொல்வார்கள்.

ஜூலை 8

அவர் எப்படித் தொடங்கினார் என்று ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார். தானும் படம் எடுக்க விரும்புவதாகச் சொல்கிறார். தம்பி, இதைக் கவனமாகப் படியுங்கள்.

பட்வர்தன் 1950இல் பம்பாயில் பிறந்தவர். சினிமா படிக்கவில்லை. பம்பாயில் ஆங்கில இலக்கியமும் அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் சமூகவியலும் படித்தார். வியட்நாம் போருக்கு எதிரான மாணவர் போராட்டங்களில் நின்றார். சீசர் சாவேஸ் நடத்திய விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் தொண்டராக வேலை செய்தார். திரும்பி வந்து மத்தியப் பிரதேசத்தில் கிஷோர் பாரதி என்ற கிராமப் பணி அமைப்பில் இருந்தார். கேமரா பிறகுதான் வந்தது.

1974இல் ஜெயப்பிரகாஷ் நாராயண் நடத்திய இயக்கத்துக்காகப் பீகார் போனார். நவம்பர் 4 பாட்னா பேரணியைப் படம் பிடிக்கும் வேலை அவரிடம் வந்தது. கையில் இருந்தது சூப்பர் 8 கேமரா. வீட்டு விசேஷங்களை எடுக்கிற சின்னப் படச்சுருள். அதைத் திரையில் ஓடவிட்டு, அந்தத் திரையையே 16 மில்லிமீட்டர் கேமராவால் மறுபடி எடுத்துப் பெரிதாக்கினார்கள். படம் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். அது ‘கிராந்தி கி தரங்கேன்’ ஆனது. 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்ததும் படம் தலைமறைவானது. பிரதியைத் துண்டு துண்டாக வெளிநாட்டுக்குக் கடத்தி, அங்கே மறுபடி ஒட்டிச் சேர்த்தார்கள். அவர் கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே அதைக் காட்டிக்கொண்டு திரிந்தார். நெருக்கடி நிலை முடிந்த பிறகு திரும்பிவந்து, அரசியல் கைதிகளைப் பற்றி ‘ஜமீர் கே பந்தி’ எடுத்தார். அந்தப் படம் நெருக்கடி நிலைக்கு முன்னும் பின்னும் சிறையில் கிடந்தவர்களைப் பற்றியும் பேசுகிறது. ஆட்சி மாறிவிட்டது, இனி எல்லாம் சரி என்று நாடே மூச்சு விட்ட நேரத்தில் அதை எடுத்தார் என்பதை மறக்கக் கூடாது.

நல்ல கேமரா வாங்கிய பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்கும் தம்பிகளுக்கு இந்த ஒரு செய்தி போதும் என்று நினைக்கிறேன்.

ஜூலை 8, இரவு

பணம் எங்கிருந்து வருகிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் படங்களை விற்றுத்தான். பல்கலைக்கழகங்கள், நூலகங்கள், வெளிநாட்டுத் தொலைக்காட்சிகள், கையோடு எடுத்துப்போய் விற்கும் ஒளிப்பேழைகள், பின்னர் டிவிடிகள். ஒரு படத்தின் வருமானத்தில் அடுத்த படம்.

ஜூலை 10

இரண்டு நாளாக ஒரு யோசனை என்னை விடவில்லை. நீதிமன்ற வெற்றிகளைப் பற்றி இவ்வளவு எழுதினேனே, அந்த வழி எல்லாருக்கும் திறந்திருக்கிறதா?

பத்து ஆண்டுகள் வழக்கு நடத்த, ஆங்கிலத்தில் மனு எழுத, பம்பாயில் நல்ல வழக்கறிஞர்களை அணுக ஒரு பின்புலம் வேண்டும். பட்வர்தனுக்கு அது இருந்தது. பிராமணக் குடும்பம். பெரியப்பா வழியில் சுதந்திரப் போராட்ட வீரர்கள்: அச்சுத் பட்வர்தன் 1942இல் தலைமறைவாக இருந்து இயக்கம் நடத்தியவர். அம்மா நிர்மலா சாந்திநிகேதனில் படித்த மட்பாண்டக் கலைஞர். இதையெல்லாம் அவர் மறைக்கவில்லை. 2023இல் வந்த ‘வசுதைவ குடும்பகம்’ இந்தக் குடும்பத்தின் கதைதான்.

இந்தப் பக்கம் பாருங்கள். 2017இல் திவ்யபாரதி ‘கக்கூஸ்’ எடுத்தார். மலம் அள்ளும் தொழிலாளர்களை, சாக்கடைக் குழியில் இறந்தவர்களின் குடும்பங்களை ஊர் ஊராகப் போய்ப் படம்பிடித்தார். திரையிடல்களுக்கு அனுமதி மறுத்தார்கள், அவர்மீது வழக்கு போட்டார்கள், மிரட்டல் வந்தது. படத்தை யூடியூபில் போட்டார், மக்கள் பார்த்தார்கள். அவரும் வழக்கறிஞர் படிப்புப் படித்தவர்தான். ஆனால் நீதிமன்றத்தில் வாதியாகப் போய் நிற்பதற்கும், பிரதிவாதியாக இழுக்கப்பட்டு நிற்பதற்கும் உள்ள தூரம் பெரியது.

இதனால் பட்வர்தன் பெற்ற தீர்ப்புகளின் மதிப்பு என் கண்ணில் குறையவில்லை. வசதி உள்ளவர் அந்த வசதியைக் கதவு திறக்கச் செலவிட்டார். திறந்த கதவு வழியே மற்றவர்கள் போக முடிகிறதா என்பது தனிக் கேள்வி, அதற்கு என்னிடம் மகிழ்ச்சியான பதில் இல்லை.

ஜூலை 11

‘ஏற்கெனவே உடன்படுகிறவர்கள்தான் பார்க்கிறார்கள்’ என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். நான் திரையிட்டவன், கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

எங்கள் வாசகர் வட்டம் சிறியது. படம் இந்தியில் இருக்கும், துணையுரை ஆங்கிலத்தில் ஓடும், பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேருக்கு இரண்டும் தெரியாது. அதனால் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் ஒலிவாங்கியோடு நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். எங்கள் ஊர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அதில் கெட்டிக்காரர். அக்கா என்றுதான் எல்லாரும் அழைப்போம். ‘ராம் கே நாம்’ படத்தில், ராமர் எந்தக் காலத்தில் பிறந்தார் என்று பட்வர்தன் இளைஞர்களைக் கேட்பார், அவர்கள் தடுமாறுவார்கள். கூட்டம் சிரித்தது. அக்கா ஒலிவாங்கியை நிறுத்திவிட்டு, சிரிக்காதீர்கள், நம் பிள்ளைகளிடம் கேட்டாலும் இப்படித்தான் முழிப்பார்கள் என்றார். அன்று கூட்டத்தின் போக்கே மாறிவிட்டது.

அந்தத் திரையிடலில் முன்வரிசையில் கை கட்டிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். எங்கள் கருத்துக்கு நேர் எதிரானவர், ஊரில் எல்லாருக்கும் தெரியும். படம் முடிந்ததும் எழுந்து சண்டைக்கு வந்தார். இஸ்லாமியரின் தவறுகளை ஏன் காட்டவில்லை என்றார். காந்தியைக் கொன்றவர்களைப் பற்றிப் பேச இது இடமா என்றார். நாங்கள் பதில் சொன்னோம், அவர் ஏற்கவில்லை. கடைசிப் பஸ் போய்விடும் என்று யாரோ நினைவூட்டும்வரை பேசினோம். அவர் மனம் மாறினார் என்று சொல்லமாட்டேன், மாறவில்லை. ஆனால் அடுத்த திரையிடலுக்கும் வந்தார். அதற்கு அடுத்ததற்குத் தன் மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். இவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

பிறகு மண்டபத்தை எங்களுக்குத் தர முடியாது என்றார்கள். முன்பணம் திரும்பி வந்தது. காரணம் கேட்டேன், ‘உங்களுக்கே தெரியும் ஐயா’ என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். யாரும் பார்க்காத, யாரையும் தொடாத படத்துக்கு மண்டபத்தை மறுக்க எதற்கு இவ்வளவு சிரமப்படவேண்டும்?

ஜூலை 11, சற்றுப் பிறகு

2024 ஜனவரியில், அயோத்திக் கோயில் திறப்புக்கு இரண்டு நாள் முன்னால், ஹைதராபாத்தில் ஒரு கஃபேயில் ‘ராம் கே நாம்’ ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தி, ஏற்பாடு செய்தவர்களைக் கைது செய்தார்கள். சான்றிதழ் பெற்ற, விருது பெற்ற, தூர்தர்ஷனே காட்டிய படம். வயது முப்பதுக்கு மேல்.

ஜூலை 13

இன்று கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் ஆவணப்படம் என்று பேச்சு எடுத்தால் ஏ.கே. செட்டியாரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1937இல் கப்பல் பயணத்தில் காந்தியைப் பற்றிப் படம் எடுக்கும் எண்ணம் அவருக்கு வந்தது. உலகெங்கும் அலைந்து, யார் யாரோ எடுத்து வைத்திருந்த காந்தியின் துண்டுக் காட்சிகளைத் தேடி, சுமார் 50,000 அடிப் படச்சுருள் சேர்த்தார். 1940 ஆகஸ்டில் படம் சென்னையில் திரையிடப்பட்டது. வெள்ளைக்கார அரசின் கீழ், போர்க்காலத்தில்! அதன் பிறகு படத்தைக் காப்பாற்றுவதே ஒரு பெரும்பாடாக இருந்தது. 1947இல்தான் டெல்லியில் இந்தி விளக்கத்தோடு மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது.

எடுப்பது ஒரு பாடு, ஒளித்து வைப்பது ஒரு பாடு, காட்டுவது மூன்றாவது பாடு. 1975இல் பட்வர்தன் படச்சுருளை நறுக்கிக் கடல் தாண்டி அனுப்பியதைப் படிக்கும்போதெல்லாம் செட்டியார் நினைவுக்கு வருகிறார். இருவர் அரசியலும் வேறு, காலமும் வேறு, பிடிவாதம் ஒன்று.

மதுரையில் ஆர்.பி. அமுதன் பல ஆண்டுகளாக நடத்திவரும் ஆவணப்பட விழாவையும் இந்த வரிசையில் வைக்கிறேன். படம் எடுக்கிறவரே திரையும் கட்டுகிறார்.

ஜூலை 14

நாகப்பட்டினத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: ‘பட்வர்தன் எங்களைப் பற்றி ஏதாவது எடுத்திருக்கிறாரா?’ நேரடியாக உங்கள் ஊர்ப் படம் என்று சொல்லமாட்டேன். ஆனால் 1998இல் வந்த ‘ஃபிஷிங்: இன் தி சீ ஆஃப் கிரீட்’ என்ற மீனவர் படத்தைப் பாருங்கள். பெரிய தொழிற்சாலைக் கப்பல்கள் கடலை வாரிச் சுருட்டுவதையும் இறால் பண்ணைகள் கரையோர நிலத்தை உப்பாக்குவதையும் எதிர்த்து இந்தியாவிலும் வங்கதேசத்திலும் மீனவர்கள் போராடியதைச் சொல்கிறது. அதே காலத்தில் உங்கள் மாவட்டத்தில் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் இறால் பண்ணைகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றம்வரை போனார். 1996 டிசம்பரில் வந்த தீர்ப்பு அவர் பெயரில்தான் இருக்கிறது. கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருந்த பண்ணைகளை அகற்றச் சொன்னது. படத்தையும் அந்தத் தீர்ப்பையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். குடிநீர் உப்பான கதையை உங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் நன்றாகச் சொல்வார்கள்.

ஜூலை 16

‘ஜெய் பீம் காம்ரேட்’ பற்றி எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். அவர் படங்களில் என் மனத்தில் மிக ஆழமாகத் தங்கியது அதுதான்.

1997 ஜூலை 11. மும்பை காட்கோபர், ரமாபாய் நகர். விடியும்போது அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போடப்பட்டிருந்தது. மக்கள் திரண்டார்கள். மாநில ரிசர்வ் காவல்படை சுட்டது. 10 தலித்துகள் இறந்தார்கள். சில நாளில், அதைத் தாங்க முடியாமல், பாடகர் விலாஸ் கோக்ரே தூக்குப் போட்டுக்கொண்டார். கோக்ரே இடதுசாரி மேடைகளில் பாடியவர். ‘ஹமாரா ஷஹர்’ படத்தில் பாடியவரும் அவர்தான். பட்வர்தன் அந்த மரணத்திலிருந்து தொடங்கிப் பதினான்கு ஆண்டுகள் படம் எடுத்தார். 2011இல் மூன்று மணி நேரத்துக்கும் மேலான படமாக அது வந்தது.

ஏன் பதினான்கு ஆண்டு? வழக்கு முடியவேண்டும் அல்லவா? சுட உத்தரவிட்ட காவல் அதிகாரிக்கு 2009இல் ஆயுள் தண்டனை கிடைத்தது; பின்னர் ஜாமீனும் கிடைத்தது. செய்தியாளர் ஒரு வாரத்தில் போய்விடுவார். நீதி நடக்கிறதா என்று பார்க்க ஒருவர் அந்த வாசலிலேயே நிற்கவேண்டும். அந்தப் பதினான்கு ஆண்டில் குழந்தைகள் வளர்கிறார்கள், தலைவர்கள் அணி மாறுகிறார்கள், முன்பு எதிர்த்த கட்சியோடு மேடை ஏறுகிறார்கள். படம் எதையும் உரக்கச் சொல்லவேண்டியதில்லை, காலமே முன்னால் வந்து நிற்கிறது.

அதில் பாட்டுக்கு இருக்கும் இடம் என்னை உலுக்கியது. கபீர் கலா மஞ்ச் குழுவின் ஷீத்தல் சாத்தே பாடும்போது கேட்டுக்கொண்டிருக்கும் பெண்களின் முகங்களைப் பாருங்கள். பின்னர் அந்தக் குழுவினர்மீது நக்சல் முத்திரை குத்தி வழக்குப் போட்டார்கள். ஷீத்தலும் அதே குழுவின் சச்சின் மாளியும் 2013 ஏப்ரலில் மகாராஷ்டிர சட்டமன்றத்தின் முன் வந்து நின்று கைதானார்கள். அவர்களைக் காக்கும் குழுவில் பட்வர்தன் முன்னின்றார். படம் வெளியாகி விருதும் வாங்கிய பிறகு நடந்தது இது. படத்தில் இருக்கும் மனிதர்களுக்கு என்ன கிடைத்தது என்று ஜூலை 7 அன்று கேட்டவர் இதையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

ஜூலை 17

எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது: ‘தலித்துகளின் கதையை ஒரு பிராமணர் ஏன் சொல்லவேண்டும்?’

தலித் எழுத்தாளர்கள் சிலர் அந்தப் படம் வந்தபோதே எழுப்பிய கேள்விதான். இதை ஒரே வரியில் தள்ளிவிட நான் தயாரில்லை. ரமாபாய் நகரில் பிறந்த ஒருவர் எடுத்திருந்தால் வேறு படம் வந்திருக்கும்; அந்தப் படத்தைப் பார்க்க எனக்கு ஆசை. இடதுசாரிகளையும் அம்பேத்கரியரையும் ஒன்றுசேர்க்கும் தன் அரசியல் விருப்பத்தைப் பட்வர்தன் படத்தின் பெயரிலேயே வைத்திருக்கிறார். கோக்ரே கடைசியில் தலையில் நீலத் துணி கட்டிக்கொண்டு இறந்தாரே, அதற்கு என்ன பொருள் என்பதில் இரண்டு தரப்புக்கும் சண்டை உண்டு. அந்தச் சண்டையைப் படம் தீர்த்து வைக்கவில்லை, தீர்த்துவைப்பதாக நடிக்கவும் இல்லை.

ஆனால் 1997இல் அந்த வாசலில் கேமராவோடு வந்து நின்றவர் யார், பதினான்கு ஆண்டு திரும்பத் திரும்ப வந்தவர் யார் என்பதும் உண்மைதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். ஒன்று மற்றதை அழிக்கவேண்டியதில்லை.

ஜூலை 19

பட்வர்தனின் ‘விவேக்’ படத்தின் நீளம் பற்றிப் புகார். நான்கு மணி நேரத்தை நெருங்குகிறது, உண்மை. நரேந்திர தாபோல்கர், கோவிந்த் பன்சாரே, எம்.எம். கல்புர்கி, கௌரி லங்கேஷ்: 2013 முதல் 2017 வரை சுட்டுக் கொல்லப்பட்ட பகுத்தறிவாளர்கள் நால்வர். அவர்களோடு நிற்காமல் படம் இன்னும் பல திசைகளில் போகிறது, அதனால் சில இடங்களில் எனக்கும் பிடி நழுவியது. ‘ஹமாரா ஷஹர்’ போலக் கட்டுக்கோப்பாக இல்லை. இருந்தும் 2018இல் ஆம்ஸ்டர்டாம் விழாவில் அதற்கு முதல் பரிசு கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு திருவனந்தபுரம் விழாவில் காட்ட மத்திய அமைச்சகம் அனுமதி மறுத்தது. கேரள உயர் நீதிமன்றம் அனுமதித்தது. மறுபடியும் நீதிமன்றம்!

இது புதிதுமல்ல. 2004 மும்பை விழாவில் இந்தியப் படங்களுக்கு மட்டும் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும், வெளிநாட்டுப் படங்களுக்கு வேண்டாம் என்று விதி கொண்டுவந்தார்கள். ஆவணப்படக்காரர்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தார்கள். தள்ளப்பட்ட படங்களைச் சேர்த்து, விழா நடந்த அதே நாட்களில் ‘விகல்ப்’ என்று தனி விழாவே நடத்தினார்கள். பட்வர்தன் அதில் முன்வரிசை ஆள். 2015இல் புனே திரைப்படக் கல்லூரி மாணவர் போராட்டத்தின்போது தேசிய விருதைத் திருப்பிக் கொடுத்தவர்களிலும் அவர் உண்டு.

ஜூலை 20

எந்தப் படத்தில் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு: ‘ஜங் அவுர் அமன்’. காரணம், அதில் லாகூர் பள்ளி மாணவியர் அணுகுண்டைப் பற்றிப் பட்டிமன்றம் நடத்தும் காட்சி இருக்கிறது. குண்டு வேண்டும் என்று முழங்கிய பெண், மேடையை விட்டு இறங்கியதும், கைத்தட்டலுக்காகத்தான் அப்படிப் பேசினேன் என்கிற பொருளில் சொல்கிறாள். எதிரி நாட்டுப் பிள்ளை நம் வீட்டுப் பிள்ளையைப்போலவே பேசுவதைக் கேட்ட பிறகு, பொக்ரான் நாளில் இங்கே பட்டாசு வெடித்தவர்களைப் பாருங்கள். அதன் பிறகு ‘ஹமாரா ஷஹர்’, பிறகு ‘ராம் கே நாம்’. ‘ஜெய் பீம் காம்ரேட்’ படத்துக்கு ஒரு மாலை முழுவதையும் ஒதுக்குங்கள், பாதியில் எழுந்து போக முடியாதபடி. குடும்பப் படத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றைப் பார்த்த பிறகு பார்த்தால்தான், அச்சுத் பட்வர்தனின் வீட்டுப் பிள்ளை ஏன் இந்த வேலைக்கு வந்தார் என்பது விளங்குகிறது.

ஜூலை 20, இரவு

கேள்வி கேட்டவர் ‘ஹமாரா ஷஹர்’ பார்த்துவிட்டாராம். அந்தப் பெண் திட்டும் இடத்தில் நிறுத்திவிட்டு மறுநாள்தான் மீதியைப் பார்த்தாராம். தன் கருத்தில் மாற்றமில்லை என்றும் எழுதியிருக்கிறார். நல்லது. ஆகஸ்டில் எங்கள் வாசகர் வட்டம் ஒரு பள்ளியின் பின்கூடத்தில் ‘ஜங் அவுர் அமன்’ திரையிடுகிறது, அங்கே வந்து சண்டை போடலாம். அக்காவுக்குத் தொண்டை சரியில்லை. இந்தி தெரிந்தவர், மூன்று மணி நேரம் நின்று தமிழில் சொல்லக்கூடியவர் யாராவது இருந்தால் இங்கேயே எழுதுங்கள்.